சிக்னலில் நின்றால் ஹீட் ஆகுது, ஓடினால் இறங்குது: தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாமா?

ஓரங்கட்டு
ஏப்ரல் 17, இரவு 9.12

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 3 சிலிண்டர், 92,000 கி.மீ. ஏசி போட்டுட்டு மத்திய கைலாஷ் சிக்னல்ல நின்னா டெம்ப் முள் பாதியிலிருந்து முக்காலுக்குப் போகுது. ஜிஎஸ்டி ரோட்டுல 80-ல போனா தானா பாதிக்கு வந்துடுது. தண்ணி (கூலன்ட்) குறையல, ரேடியேட்டரோட சேர்ந்த பாட்டில்ல அளவு அப்படியே இருக்கு. மெக்கானிக் "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு"ங்கிறார் (இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வு அது). கேட்டா ரேடியேட்டரும் மாத்தணுமாம். அக்னி நட்சத்திரத்துக்குள்ள முடிக்கணும். முதல்ல எதைச் செய்ய?

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 17, இரவு 10.05

கழட்டாதீங்க. நீங்க சொல்ற அறிகுறி தெர்மோஸ்டாட்டைக் காட்டல.

80-ல ஓடும்போது இன்ஜின் கக்குற வெப்பம், சிக்னல்ல சும்மா நிக்கும்போது கக்குறதைவிடப் பல மடங்கு. அத்தனையையும் ரேடியேட்டர் வெளியே தள்ளி முள்ளைப் பாதிக்கு இறக்குதுன்னா வால்வு திறக்குது, வாட்டர் பாடி (தண்ணி பம்ப்) தண்ணியைத் தள்ளுது, ரேடியேட்டர் குழாய்கள்லயும் ஓட்டம் இருக்கு. ஓடும்போது காத்து தானா வருது. நிக்கும்போது ஃபேன்தான் இழுக்கணும். உங்களுக்குக் குறையிறது காத்து.

நின்னா ஏறி ஓடினா இறங்குதா, காத்துப் பக்கம் பாருங்க. ஓடினா ஏறுது, நின்னா சமாளிக்குதா, தண்ணிப் பக்கம். எப்படிப் போனாலும் ஏறுதுன்னா முதல்ல தண்ணி அளவு, அடுத்து ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதுக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்).

நாளைக்குக் காலையில வண்டி குளிர்ந்து இருக்கும்போது செய்ய வேண்டியது:

ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. கம்ப்ரஸர் 'டக்'னு பிடிச்ச சில நொடியில ரேடியேட்டர் ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா பானெட்டுக்கு உள்ள இருக்கிற ஃபியூஸ் பெட்டி மூடியோட அடிப்பக்கப் படத்தைப் பார்த்து ஃபேன் ஃபியூஸைப் பிடுங்குங்க. ஃபியூஸ் நல்லா இருந்தா ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) பாருங்க. பெரும்பாலும் ஹாரனுக்கும் அதே நம்பர் ரிலேதான் இருக்கும், மேல அச்சடிச்ச எண் ஒண்ணா இருந்தா ரெண்டையும் மாத்திப் போடுங்க. இப்ப ஃபேன் சுத்தி ஹாரன் அடிக்கலைன்னா விஷயம் முடிஞ்சுது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. பல வண்டிகள்ல சாவி எடுத்த பிறகும் சூட்டுக்கு ஃபேன் திடீர்னு சுத்தும். ஃபேன் பக்கம் விரல் போகப்போகுதுன்னா பேட்டரி நெகடிவைக் கழட்டிட்டு வேலை செய்யுங்க.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 17, இரவு 10.31

ஒண்ணு விட்டுப்போச்சு. "பாட்டில்ல அளவு இருக்கு"ன்னா ரேடியேட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம் இல்ல. ரேடியேட்டர் மூடியில ரெண்டு வால்வு. ஒண்ணு அழுத்தம் கூடும்போது பாட்டிலுக்குத் தண்ணியைத் தள்ளும். நடுவுல இருக்கிற சின்னது, இன்ஜின் குளிரும்போது அதே தண்ணியைத் திரும்ப உறிஞ்ச விடும். அந்தச் சின்னது ஒட்டிக்கிட்டாலோ, பாட்டிலுக்குப் போற ட்யூப் விரிசல் விட்டாலோ தண்ணி திரும்பாது. பாட்டில் நிறைஞ்சே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும். காலையில குளிர்ந்த இன்ஜின்ல மூடியைத் திறந்து, கழுத்து வரைக்கும் நிக்குதான்னு பாருங்க.

சூடா இருக்கும்போது திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்க முடிஞ்சாத்தான் மூடியில கை வைக்கணும்.

ஓரங்கட்டு
ஏப்ரல் 18, காலை 7.48

ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் இருக்கு. நிறம்தான் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவுல. ஏசி போட்டதும் ஃபேன் சுத்துது. அப்போ ஃபேன் ஓகேதானே?

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 18, காலை 8.20

சுத்தறது வேற, காத்து இழுக்கறது வேற.

ஃபேன் ஓடும்போது ஒரு ஏ4 தாளைக் கிரில்லுக்கு உள்ளே, ஏசி கண்டென்ஸர் (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற, ஏசி சூட்டை வெளியே விடுற வலை) முகத்துல வச்சு விடுங்க. தாள் ஒட்டிக்கிட்டு நிக்கணும். வழுக்கி விழுந்தா மூணுல ஒண்ணு: வேகம் பத்தல, வழி அடைச்சிருக்கு, இல்ல ஃபேன் தலைகீழாச் சுத்துது. கடைசி ஒண்ணைப் பார்த்துச் சிரிக்காதீங்க. மோட்டார் மாத்தும்போது ரெண்டு ஒயரை இடம் மாத்திட்டா டிசி மோட்டார் எதிர்ப்பக்கமாச் சுத்தும். அப்ப ஃபேன் முன்பக்கம் காத்தைத் தள்ளும், வண்டி ஓடும்போது எதிர்க்காத்தோட மல்லுக்கட்டும்.

அடுத்து மல்டிமீட்டர். இன்ஜின் ஐடில்ல (ஆக்ஸிலேட்டர் கொடுக்காம), ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, பேட்டரி ரெண்டு முனையில எவ்வளவு வோல்ட், ஃபேன் பிளக்கோட பின்பக்கம் முனையைச் செருகி எவ்வளவு வோல்ட்னு எழுதுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு அளந்தா பிரயோஜனம் இல்ல. லோடு இல்லாத ஒயர் எவ்வளவு கருகியிருந்தாலும் முழு வோல்ட்டையும் காட்டும். ரெண்டு எண்ணுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

லேத்துப்பட்டறை
ஏப்ரல் 18, காலை 9.15

கூடவே இதையும் பார்த்துருங்க. ஃபேன் சில நேரம் சுத்தாம நின்னு, மோட்டார் மேல ஸ்பேனர் கைப்பிடியால ரெண்டு தட்டுனா கிளம்புச்சுன்னா கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு) தேஞ்சு போச்சுங்க. தட்டித் தட்டி ஒரு மாசம் ஓட்டலாம், அப்புறம் நடுரோட்டுல நிக்கும். ரீவைண்டிங் கடையில அளவு கொடுத்தா பிரஷ் மட்டும் மாத்திக் கொடுப்பாங்க. அந்தப் பிரஷ் உரசுற செம்பு வளையம் (கம்யூட்டேட்டர்) தடம் விழுந்திருந்தா மோட்டாரையே மாத்தறது மேல்.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 18, பகல் 1.10

ரெண்டு வேகம் இருக்கிற ஃபேனுக்கு ஒரு விஷயம் சேர்த்துக்கணும். குறைந்த வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் உண்டு, ஃபேன் கூட்டுலயே பொருத்தியிருப்பாங்க. அது அறுந்தா குறைந்த வேகம் செத்துப்போகும். முள் நல்லா ஏறுற வரைக்கும் ஃபேன் அசையாது, அப்புறம் திடீர்னு ஓவென்று கத்திக்கிட்டு முழு வேகத்துல சுத்தி இறக்கிடும். "ஃபேன் வேலை செய்யுது, ஆனாலும் ஹீட் ஆகுது"ன்னு வர்ற புகார்கள்ல இது நிறைய.

இன்னொரு துப்பு, செலவே இல்லாதது: சிக்னல்ல ஏசி காத்து வெதுவெதுன்னு ஆகி, வண்டி நகர்ந்ததும் திரும்பச் சில்லுன்னு வந்தா கண்டென்ஸருக்குக் காத்து பத்தல. டெம்ப் முள் ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே ஏசி இதைச் சொல்லிடும். கேஸ் கம்மின்னு சொல்லி கேஸ் ஏத்துவாங்க, அழுத்தம் கூடி நிலைமை இன்னும் மோசமாகும்.

ஓரங்கட்டு
ஏப்ரல் 18, இரவு 8.40

அதேதான்! ஒரு மாசமா சிக்னல்ல ஏசி சூடாத்தான் வருது. கேஸ் கம்மின்னு நினைச்சேன்.

தாள் ஒட்டல, நழுவுது. பேட்டரியில 13.7, ஃபேன் பிளக்ல 11.2.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 18, இரவு 9.02

2.5 வோல்ட் வழியில தொலையுது. எங்கேன்னு கண்டுபிடிக்க ஒயரைப் பிரிக்க வேண்டாம். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொண்ணை ஃபேன் பிளக் பாசிட்டிவ்ல வைங்க, ஃபேன் ஓடணும். வர்ற எண்தான் பாசிட்டிவ் பக்க இழப்பு. அதே மாதிரி பேட்டரி நெகடிவ், ஃபேன் நெகடிவ். எது பெருசோ அந்தப் பக்கம் போய், பேட்டரி முனையை அசைக்காம மத்த முனையை மட்டும் ஒவ்வொரு இணைப்பா நகர்த்திக்கிட்டே வாங்க: ஃபியூஸ், ரிலே உள்ளே, ரிலே வெளியே, பிளக். எண் எங்க தாவுதோ அங்கதான் கருகல்.

ஓரங்கட்டு
ஏப்ரல் 19, காலை 10.30

பாசிட்டிவ் பக்கம் 2.3, நெகடிவ் 0.2. ரிலே வெளியே வரைக்கும் 0.3தான். பிளக்கைப் பிரிச்சா ஒரு பின் பழுப்பு, பிளாஸ்டிக் உருகியிருக்கு.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 19, காலை 11.05

பிளக் மட்டும் ஒயர் வாலோட தனியாக் கிடைக்கும், உதிரிபாகக் கடையில ஃபேன் கப்ளர்னு கேளுங்க. சின்ன காரோட ஃபேன் 10லிருந்து 15 ஆம்பியர் இழுக்கும், அதனால ஒயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டு ஒயரிங்ல மிச்சமான துண்டை முறுக்கி டேப் சுத்தி வைக்காதீங்க. இன்ஜின் சூட்டுல அந்த டேப் பசை இளகி ஒரே கோடையில அவிழ்ந்துடும். கிரிம்ப் பண்ணி (முனையை இடுக்கியால நசுக்கி) ஈயம் வச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. ஆண், பெண் ரெண்டு பக்கத்தையும் மாத்தணும். கருகின பின்னுல புது பிளக்கைச் செருகினா ஆறு மாசத்துல அதுவும் உருகும்.

ஃபியூஸ் ஆம்பியரைக் கூட்டாதீங்க. 30 இருந்த இடத்துல 30தான்.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 19, மாலை 4.45

யோசிச்சுப் பார்த்தா கணக்கு முழுசா ஒத்துவரல. 13.7 வரவேண்டிய இடத்துல 11.2 வந்தா ஃபேன் வேகம் ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறையும். அது மட்டுமே முள்ளை முக்காலுக்குத் தூக்காது, தாளை நழுவவிடாது. வழியும் அடைச்சிருக்கணும்.

முன்பக்கம் கண்டென்ஸர், அதுக்குப் பின்னாடி ரேடியேட்டர், நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. வெளியே இருந்து பார்த்தா கண்டென்ஸர் பளிச்சுன்னு இருக்கும், குப்பை எல்லாம் அந்த இடைவெளிக்குள்ள. தூசி, பூச்சி இறக்கை, புல்பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். மேல் பிராக்கெட்டோட ரெண்டு போல்ட்டைக் கழட்டி (10 நம்பர் ஸ்பேனர், வேற எது இருக்கப்போகுது) ரேடியேட்டரை ஹோஸைக் கழட்டாமலே பின்பக்கம் கொஞ்சம் சாய்ச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கழுவுறது பின்பக்கத்திலிருந்து முன்பக்கமா. தோட்ட ஹோஸ் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டக் கொண்டுபோனா ஃபின் (மெல்லிய தகடு) எல்லாம் மடிஞ்சு நிரந்தர அடைப்பாகிடும். ஃபேன் மோட்டார், ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் பண்றது) ரெண்டுக்கும் பாலிதீன் கவர் கட்டுங்க.

ரேடியேட்டர் ஓரத்துல ஸ்பாஞ்சுப் பட்டை, ஃபேனைச் சுத்தின பிளாஸ்டிக் கூடு, கீழே இன்ஜின் தட்டு எல்லாம் இருக்கான்னு எண்ணுங்க. பம்பர் வேலை பார்த்த வண்டிகள்ல இதுல ஒண்ணு திரும்ப வந்திருக்காது. காத்துக்குச் சுலபமான வழி கிடைச்சா ரேடியேட்டருக்குள்ள நுழையாம சுத்திப் போயிடும்.

ஓரங்கட்டு
ஏப்ரல் 20, காலை 11.20

கம்பளியேதான்.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 20, பகல் 12.15

கழுவி, பிளக் மாத்தின பிறகு முள்ளைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பல வண்டிகள்ல முள் பொய் சொல்லும்படியே அமைச்சிருக்காங்க, 80 டிகிரியிலிருந்து நூறு தாண்டுற வரைக்கும் பாதியிலேயே நிக்கும். ஓட்டுறவர் பயந்துடக் கூடாதாம். இந்தியாவுல ஏப்ரல் 2013-லிருந்து கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி கம்ப்யூட்டர் தகவலை வெளியே படிக்கிற வசதி) கட்டாயம், உங்க 2014 மாடல்ல ஸ்டீயரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கும். அதுல செருகுற இஎல்எம்327 ப்ளூடூத் துண்டு ஒண்ணு வாங்கி மொபைல்ல கூலன்ட் டெம்பரேச்சர் பாருங்க. ஏசி போட்டு, இன்ஜின் ஐடில்ல ஓட, வண்டியை 20 நிமிஷம் நிறுத்தி வைங்க. 90க்கும் 100க்கும் நடுவுல ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா ஆரோக்கியம். 105 தாண்டி ஏறிக்கிட்டே போனா அணைச்சிடுங்க.

ஓரங்கட்டு
ஏப்ரல் 21, இரவு 9.30

20 நிமிஷம், ஏசி முழுசா, வெயில்ல. 98-க்கு மேல போகல, ஃபேன் வந்ததும் 93-க்கு இறங்குது. ஏசியும் சில்லுன்னு வருது. மெக்கானிக்கிட்ட சொன்னேன், "இருந்தாலும் வால்வைக் கழட்டிடுங்க, நல்லது"ங்கிறார் :)

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 21, இரவு 10.40

சரி, அந்த வால்வுக்கு ஒரு நியாயம் பண்ணிடலாம். நம்ம ஊர்ல அதைக் கழட்டாத பட்டறை குறைவு, காரணமும் புரியுது. வால்வைத் திறக்கிற உள் மெழுகு செத்து, வால்வு மூடியபடி சிக்கினா வண்டி கொதிக்கும், கழட்டினா உடனே சரியாகும், வாடிக்கையாளர் சந்தோஷமாப் போவார். விளைவு அப்புறம்தான் வரும்.

இன்ஜின் கம்ப்யூட்டர் கூலன்ட் 80 டிகிரியைத் தொடாத வரைக்கும் இன்ஜின் குளிர்ந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டு பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும். மைலேஜ் குறையும், ஸ்பார்க் பிளக்ல கரி, ஆயிலில் பெட்ரோல் கலப்பு. வெளியே 40 டிகிரி வெயில் அடிச்சாலும் வால்வு இல்லாத இன்ஜின் ஹைவேயில 65, 70 டிகிரியிலயே நிக்கும். கொஞ்ச நாள்ல செக் இன்ஜின் விளக்கு எரிஞ்சு பி0128 கோடு (இன்ஜின் போதிய சூட்டை எட்டலைன்னு அர்த்தம்) விழலாம்.

இன்னும் மோசமானது பைபாஸ், அதாவது ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி இன்ஜினுக்கே திரும்புற வழி. சில இன்ஜின்கள்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு தட்டு இருக்கும். மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். மொத்தமாக் கழட்டினா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சுடு தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும். ஹீட் ஆகக் கூடாதுன்னு கழட்டினது ஏத்தத்துல ஹீட் ஆக்கும்.

வால்வைச் சோதிக்கச் சமையலறை போதும். பழைய பாத்திரத்துல தண்ணி, ஒரு தெர்மாமீட்டர். வால்வு வாயில நூலைக் கவ்வ வச்சுத் தொங்கவிடுங்க, அடியில படக் கூடாது. உடம்புல 82 இல்ல 88-னு பொறிச்சிருக்கும். அந்தச் சூடு வந்ததும் வாய் திறந்து வால்வு நூலை விட்டு விழணும். அதிலிருந்து 10, 15 டிகிரிக்குள்ள 8 மி.மீ. அளவுக்கு முழுசாத் திறக்கணும். ஆறினதும் இறுக்கமா மூடணும். கொதிச்ச பிறகும் நூலைக் கவ்விக்கிட்டே தொங்கினா குப்பையில போடுங்க.

திரும்பப் பொருத்தும்போது ஸ்பிரிங் இருக்கிற பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கணும். விளிம்புல ஆடுற சின்னப் பின் (காத்து வெளியேற வழி) மேல்பக்கம் வரணும். புது ரப்பர் வளையம். தெர்மோஸ்டாட் மூடியோட போல்ட் 6 மி.மீ. தடிமனா இருந்தா 10 நியூட்டன் மீட்டர் போதும், அலுமினியத்துல மரை பிச்சுக்கிட்டு வந்தா அரை நாள் வேலை.

லேத்துப்பட்டறை
ஏப்ரல் 22, காலை 8.05

மரை பிச்சுக்கிட்டு வந்தாத்தானுங்க எங்களுக்குப் பொழப்பு.

ஓரங்கட்டு
ஏப்ரல் 22, காலை 9.50

பழுப்புத் தண்ணியை மாத்தணும். போர் தண்ணி ஊத்தலாமா? அப்பா மஞ்சள் தூள் கொஞ்சம் போடச் சொல்றார், கசிவு வராதாம்.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 22, பகல் 1.30

அப்பாகிட்ட சொல்லுங்க, மஞ்சள் குழம்புக்கு. ரேடியேட்டர் பித்தளையில, குழாய் அகலமா இருந்த காலத்துல ஊசித்துளைக் கசிவை மஞ்சள் தூள் சில நாள் அடைச்சது உண்மைதான். இப்ப அலுமினியக் குழாயோட உள்வழி ரொம்ப ஒடுக்கம், ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர்) அதைவிட. கசிவை அடைக்கிற அதே தூள் அங்கேயும் அடைக்கும். கடையில விக்கிற லீக் ஸ்டாப் திரவத்துக்கும் இதே பதில். பிளாஸ்டிக் டேங்க்ல விரிசல் விட்டா எம்-சீல் நிக்காது, அழுத்தத்துல பேர்ந்துடும்.

போர் தண்ணி வேண்டவே வேண்டாம். கெட்டில்ல படியிற வெள்ளைப் படிவம் அப்படியே சிலிண்டர் சுவர்லயும் படியும், வெப்பம் தண்ணிக்கு வராது. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்க. ரெடிமிக்ஸ் கூலன்ட்னா அப்படியே ஊத்தணும், தண்ணி சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட்னா பாதிக்குப் பாதி. நமக்குப் பனி உறையற கவலை இல்லைன்னு முப்பதுக்கு எழுபது வரைக்கும் போகலாம், அதுக்குக் கீழே போனா துரு தடுப்பு மருந்து பத்தாது.

நிறத்தை நம்பாதீங்க. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம், ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொண்ணு. கேன் மேல எந்த வகைன்னு போட்டிருக்கும். பழைய வகை 2 வருஷம், ஓஏடி (ஆர்கானிக் அமில) வகை 5 வருஷம் வரைக்கும் தாங்கும். ரெண்டையும் கலந்தா நீண்ட ஆயுள் போயிடும், சில சமயம் கூழாத் திரளும்.

மாத்துற முறை: குளிர்ந்த இன்ஜின், மூடியைத் திற, ரேடியேட்டர் அடித் திருகைத் திற (பிளாஸ்டிக், மெதுவா), ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுல வை. வடிஞ்சதும் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி 10 நிமிஷம் ஓட்டி, நல்லா ஆறவிட்டு வடி. தெளிவா வர்ற வரைக்கும் திரும்பச் செய். கழிவறை ஆசிட் ஊத்திச் சுத்தம் பண்ற யோசனை இருந்தா விட்டுடுங்க, அலுமினியத்தைத் தின்னுடும்.

நிரப்பும்போது காத்து சிக்கும், அதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். முன்சக்கரம் மேட்டுல இருக்கிற மாதிரி நிறுத்துங்க. மெதுவா ஊத்துங்க. மூடி திறந்தே இருக்க, ஹீட்டர் சூட்டுல இருக்க, ஐடில்ல ஓடவிடுங்க. மேல் ஹோஸைத் துணியால பிடிச்சு அமுக்கி அமுக்கி விட்டா குமிழ் வரும், அளவு இறங்கும், திரும்ப ஊத்துங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டுன்னு இறங்கும். ஃபேன் ரெண்டு தடவை வந்து போய், ஹீட்டர் காத்தும் நல்ல சூடா வந்தாச்சுன்னா மூடியைப் போடுங்க. மறுநாள் காலையில குளிர்ச்சியில ஒரு தடவை பாருங்க.

வடிச்ச பழசை வாசல்ல வைக்காதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் பூனை குடிச்சா செத்துப்போகும். குழந்தைக்கும் விஷம்.

லேத்துப்பட்டறை
ஏப்ரல் 22, இரவு 7.25

குமிழ் பத்தி ஒரு வார்த்தை. காத்துக் குமிழ் கொஞ்ச நேரத்துல நின்னுரும். நிக்காம, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடிட்டே வந்தா அது காத்து இல்லீங்க, சிலிண்டர் புகை. ஹெட் கேஸ்கட். இன்னும் ஒண்ணு: காலையில குளிர்ச்சியில ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லாட்டம் இறுகுச்சுன்னா சூட்டால வந்த அழுத்தம் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி வரிசையா வைங்க, ஒண்ணு மட்டும் கழுவி வச்ச மாதிரி வெளுத்திருந்தா அந்தச் சிலிண்டருக்குத் தண்ணி போகுது.

ஆயில் மூடியில வெள்ளை வெண்ணெய் மாதிரி இருந்தா உடனே பதறாதீங்க, கிட்ட கிட்ட ஓட்டுற வண்டியில ஈரம் படிஞ்சும் வரும். ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக்லயும் அப்படியே இருந்தாத்தான் கவலை. புகைச் சோதனைக்கு நீல மருந்து கிடைக்குது, ரேடியேட்டர் வாயில வச்சு உறிஞ்சுனா பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளாகும், அப்பத்தான் உறுதி.

ஹெட் இறக்குறதை வீட்டுல வச்சுக்க வேண்டாம். அலுமினிய ஹெட் 0.05 மி.மீ. வளைஞ்சாலே பல இன்ஜினுக்கு எல்லை தாண்டுச்சு. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்விளிம்புப் பட்டை), ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கிற மெல்லிய தகடு) இல்லாம அது கண்ணுக்குத் தெரியாது. பார்க்காம புது கேஸ்கட் போட்டா ரெண்டே மாசத்துல திரும்ப வரும்.

ஓரங்கட்டு
ஏப்ரல் 23, காலை 7.15

நம்மளுது குமிழ் நின்னுடுச்சு. நண்பர் ஒருத்தர் வண்டி நேர் எதிர், டவுன்ல ஓகே, பைபாஸ் ரோட்டுல வேகம் 100 தொட்டா ஏறுது. ஃபேன் பார்க்கச் சொல்லட்டுமா?

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 23, காலை 8.00

வேண்டாம், 100-ல போகும்போது ஃபேனுக்கு வேலையே இல்ல. அவருக்குத் தண்ணிப் பக்கம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால சூடான ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமா அளக்கச் சொல்லுங்க. தண்ணி நுழையற பக்கத்திலிருந்து வெளியேறுற பக்கம் வரைக்கும் சீராக் குறையணும். நடுவுல குளிர்ந்த திட்டு இருந்தா அங்க குழாய் அடைச்சிருக்கு. அடுத்து, ஒருத்தர் 3000 ஆர்பிஎம் வரை கொடுக்க, கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டுதான்னு பார்க்கணும். பழைய ஹோஸ் இளகியிருந்தா வாட்டர் பாடி உறிஞ்சுற வேகத்துல தட்டையாகி ஓட்டம் நிக்கும், வேகம் குறைஞ்சதும் பழையபடி விரியும். தெர்மோஸ்டாட் பாதி மட்டும் திறக்கறதும் இந்த வகைதான், பாத்திரச் சோதனையில தெரியும்.

வாட்டர் பாடிக்கு அடியில சின்னத் துளை ஒண்ணு வேணும்னே விட்டிருப்பாங்க. அங்கிருந்து காய்ஞ்ச கூலன்ட் கோடு இறங்கியிருந்தா சீல் போச்சு. துளையை அடைக்கக் கூடாது, தண்ணி பேரிங்குக்குள்ள போகும். டைமிங் பெல்ட் சுத்துற பாடியா இருந்தா பெல்ட்டையும் சேர்த்தே மாத்திடணும், ரெண்டுக்கும் பிரிக்கிற கூலி ஒண்ணுதான்.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 23, காலை 8.35

மலை ஏத்தம் ரெண்டுக்கும் நடுவுல. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசியில வேகம் 20, லோடு முழுசு. காத்தும் இல்ல, வெப்பமும் அதிகம். அங்க மூணாவது கியர்ல திணறவிடாம ரெண்டாவதுல ஏறுங்க, வாட்டர் பாடி வேகமாச் சுத்தினாத்தான் தண்ணி ஓடும். ஏத்தத்துல மட்டும் முள் கொஞ்சம் ஏறி, மேலே போனதும் இறங்கினா அதை நோய்னு சொல்ல முடியாது.

ஓரங்கட்டு
ஏப்ரல் 23, இரவு 10.10

அப்படி நடுவழியில ஏறிட்டா உடனே ஆஃப் பண்ணணுமா, ஓடவிடணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 23, இரவு 10.45

ரெண்டுமே சரி, நிலைமையைப் பொறுத்து. முள் ஏறுது, ஆனா ஆவி இல்ல, தரையில தண்ணி இல்லைன்னா ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுச் சூடு முழு வேகத்துல வச்சு, ஓரமா நிறுத்தி ஐடில்ல விடுங்க. ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், வேர்த்துக் கொட்டினாலும் இன்ஜின் பிழைக்கும். ரெண்டு நிமிஷத்துல இறங்கலைன்னா ஆஃப்.

ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிஞ்சாலோ, ஹீட்டர் காத்து திடீர்னு குளிர்ந்தாலோ அந்த நொடியே ஆஃப். கடைசி அறிகுறியைக் கவனிங்க, தண்ணி காலின்னு அர்த்தம். அப்ப சென்ஸார் தண்ணியில இல்லாம வெறும் ஆவியில நிக்கும், முள் கீழே கூட இறங்கலாம். "முள் இறங்கிடுச்சே"ன்னு ஓட்டினவங்க வண்டிதான் லேத்துப்பட்டறைக்குப் போகுது.

ஆஃப் பண்ணி முக்கால் மணி நேரம் விடுங்க. கொதிக்கிற இன்ஜின்ல குளிர்ந்த தண்ணி ஊத்தினா ஹெட் வளையும், விரிசல் விடவும் செய்யும். மூடி எதுக்கு இறுகியிருக்குன்னும் தெரிஞ்சுக்கணும்: 1.1 பார் அழுத்தத்துல வெறும் தண்ணியே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. திறந்த நொடி அழுத்தம் போகும், உள்ளே இருக்கிறதெல்லாம் ஒரே மூச்சுல ஆவியாகி முகத்துல அடிக்கும்.

ஓரங்கட்டு
ஏப்ரல் 26, காலை 9.00

புதுசா ஒண்ணு. இப்ப ஃபேன் வரும்போது ஐடில்ல ஹெட்லைட் மங்குது, பெல்ட் பக்கம் 'கீச்'னு சத்தம். முன்னாடி இல்ல. ஆல்டர்னேட்டர் போச்சா?

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 26, காலை 10.20

ஃபேனுக்கு இப்பத்தான் முழு கரண்ட் போகுது, ஆல்டர்னேட்டருக்கு அந்த லோடு புதுசு. பெல்ட்டோட பள்ளப் பக்கத்துல கொஞ்சம் தண்ணி தெளிங்க, கை தள்ளியே இருக்கட்டும். சத்தம் கூடினா பெல்ட் தளர்ந்து வழுக்குது. சத்தம் நின்னு கொஞ்ச நேரத்துல திரும்பினா புல்லிகள் நேர்கோட்டுல இல்ல. இப்ப வர்ற பெல்ட்கள்ல விரிசல் தெரியாது, பள்ளம் தேயும். வரியோட நுனி கூராயிருந்தா மாத்துங்க.

அப்புறம் மீட்டர்: ஃபேன், ஏசி, ஹெட்லைட் மூணும் போட்டு ஐடில்ல பேட்டரியில 13.2-க்குக் குறையக் கூடாது. குறைஞ்சா, பேட்டரி நெகடிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவுல செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுன்னு அளங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல வந்தா அந்த ரெண்டையும் சேர்க்கிற எர்த் பட்டையிலதான் கோளாறு. கழட்டி ரெண்டு முனையையும் உலோகம் தெரியறவரைக்கும் சுரண்டி மாட்டுங்க.

ஓரங்கட்டு
ஏப்ரல் 27, இரவு 8.15

தண்ணி தெளிச்சா சத்தம் கூடுச்சு. டென்ஷன் இறுக்கினேன், சத்தம் போச்சு. எர்த் 0.5 காட்டுச்சு, சுரண்டின பிறகு 0.1. மூணு லோடுலயும் 13.4 நிக்குது, லைட் மங்கல. பேட்டரி ராத்திரி விட்டுக் காலையில பார்த்தா 12.5. கடைக்காரர் பேட்டரியும் மாத்தச் சொன்னார்.

பத்தாம்நம்பர்
ஏப்ரல் 27, இரவு 8.40

12.6 முழுசு, 12.2 பாதி. 12.5-ல மாத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தா அப்ப யோசிக்கலாம். பெல்ட்டை 500 கி.மீ. ஓடின பிறகு ஒரு தடவை திரும்ப அமுக்கிப் பாருங்க. ரொம்ப இறுக்கியிருந்தா ஆல்டர்னேட்டர் பேரிங் அழ ஆரம்பிக்கும்.